காலிக்குப் பின்னாடி ஒரு புள்ளி

என் தம்பிக்குக் கால் போனதுக்கு யாரு காரணம்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. கரண்டுக் கம்பம்னு சொல்லுவாங்க, ரோடுன்னு சொல்லுவாங்க, தலையெழுத்துன்னு சொல்லுவாங்க. தலையெழுத்தாம், மண்ணாங்கட்டி! எழுதினது நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கேன். குறுக்கே பேசாம கேளுங்க.

எனக்கு வேலை அரசாங்க விமானப் பிரிவுல. உடனே வானத்துல பறக்குறவள்னு நினைச்சுடாதீங்க. பத்தொன்பது வருஷத்துல அந்த விமானத்துல ஒரு தடவைகூடக் காலை வச்சதில்ல. விமானம் நிக்கிற கொட்டகைக்குப் பின்னாடி தகரக் கூரை போட்ட ஒரு ரூம், மூணு மேஜை, ஒரு பீரோ, கடகடன்னு உயிரை வாங்குற ஒரு ஃபேன். யாரு, எப்போ, எங்கே, எதுக்குப் பறந்தாங்கன்னு பதிவு பண்றது என் பிழைப்பு. இருக்கிறதே ஒரு விமானம்தான். மந்திரிங்களுக்கும் அதுதான், சாகக் கிடக்கிற நோயாளியைத் தூக்கிட்டு வரவும் அதுதான். ஒன்பது சீட்டு. மூணைக் கழட்டினா ஒரு ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மந்திரி, மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க அந்த விமானத்துல போயிட்டு வந்தது பேப்பர்ல வந்து நாறிப்போச்சு. ஜனங்க சும்மா விடல. எல்லாப் பயணத்தையும் வெளியிடணும்னு விதி வந்துச்சு. பாதுகாப்புக்காரங்க குதிச்சாங்க. அவங்க குதிச்சதுலயும் நியாயம் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லமாட்டேன். அதுக்கு முந்தின வருஷம்தான் ஒரு சின்ன விமான நிலையத்து வேலி ஓரமா குண்டு வெடிச்சு ரெண்டு பேர் செத்தாங்க. மந்திரி வர்ற நேரம் எவனுக்கோ முன்னாடியே தெரிஞ்சிருக்கு. கடைசியில ரெண்டு பக்கமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க. விமானம் பறக்கப்போற விவரத்தை யாருக்கும் மூச்சு விடக்கூடாது. பறந்து ஒரு மாசம் கழிச்சு, போன ஆளுங்க பேரோட பட்டியலை வெளியிடணும். ஆள் இல்லாம வெறுமனே திரும்புற விமானத்துக்கு ரெண்டுமே கிடையாது. அதுல ரகசியமும் இல்ல, பேரும் இல்ல. "காலி"ன்னு ஒரு வார்த்தை போட்டா போதும்.

நல்ல விதிதான். அதைக் கெடுத்தவ நான்.

எங்க சூப்பிரண்டு ஒருநாள் தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. ஒரு மந்திரியோட மாமியாரு விமானத்துல வந்துட்டாங்க, பட்டியல்ல பேரு வரக்கூடாதுங்கறாங்க, நான் என்னம்மா பண்ணுவேன்னு கேட்டாரு. நான் டீ குடிச்சுக்கிட்டே, "காலின்னு போட்டுடுங்க சார், யாரு வந்து எட்டிப் பார்க்கப்போறா?"ன்னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவரு எழுந்து நின்னு, "அம்மா, நீ எங்கேயோ போயிடுவ!"ன்னாரு. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. மூதேவி, அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு டீயைக் குடிச்சிருக்கலாம்.

அதுலேருந்து எவன் பேரு வெளியே வரக்கூடாதோ அவன்லாம் காலி. இதுல ஒரு சிக்கல் வந்துச்சு. ஒரு தடவை காலின்னு நம்பி, கொட்டகை ஆளுங்க விமானத்துல ஒரு பாட்டில் தண்ணிகூட வைக்கல. உள்ளே ஏறின அம்மா ஆடின ஆட்டத்துல பைலட்டுக்கே காது அடைச்சுக்கிச்சு. அதுக்கும் நான்தான் வழி சொன்னேன். நிஜமாவே காலின்னா வெறும் "காலி". உள்ளே ஆள் இருந்தா, காலிக்குப் பின்னாடி ஒரு புள்ளி. புள்ளியைப் பார்த்தா தண்ணி வைப்பாங்க. பட்டியல்ல அந்தப் புள்ளி யாரு கண்ணுக்கும் படாது. நாலு வருஷம் யாரு கண்ணுலயும் படவும் இல்ல.

இப்போ அந்த நாளுக்கு வர்றேன்.

காலையில ஒன்பது மணி சுமாருக்கு தம்பி பொண்டாட்டி போன் பண்ணா. அழுகையில பாதி வார்த்தை காதுலயே விழல. என் தம்பி லைன்மேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல வேலை. எட்டு மணிக்குப் பழைய கம்பத்துல ஏறியிருக்கான், கம்பம் அடியோட சாஞ்சு அவன் மேலேயே விழுந்துருச்சு. போனை டாக்டர் வாங்கினாரு. சின்ன வயசுக் குரல், ஆனா தெளிவாப் பேசினாரு.

"உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா முழங்காலுக்குப் பின்னாடி ரத்தக்குழாய் அறுந்திருக்கு. அடிபட்ட ஆறு மணி நேரத்துக்குள்ள அதை ஒட்டணும். எங்ககிட்ட வசதி இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரோட்டுல நாலு மணி நேரம். ஆம்புலன்ஸ் ரெடியா நிக்குது, இப்பவே கிளப்புறேன்."

மணி பார்த்தேன். ஒன்பது பத்து. நாலு மணி நேரம்னா ஒண்ணேகால். ரெண்டு மணிக்குள்ள கத்தி வச்சாகணும். போதும்தான். ஆனா மலை ரோடு. ஒரு லாரி குறுக்கே நின்னா போச்சு. என் கண்ணு அப்போ மேஜை மேல இருந்த அன்னைக்குப் பயணத் தாள் மேல போச்சு. கடற்கரை ஊர்லேருந்து விமானம் பத்து இருபதுக்குக் கிளம்பித் தலைநகருக்குத் திரும்புது. வழியில பத்து ஐம்பதுக்கு என் தம்பி ஊருக்கு நேர் மேலே வரும். அங்கே சின்னதா ஒரு ஓடுபாதை இருக்கு. பயணிகள்னு போட்ட கட்டத்துல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? காலி. புள்ளி இல்ல.

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி பார்த்தேன். தாளை ஜன்னல்கிட்ட கொண்டுபோய் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். விரலால தடவிக்கூடப் பார்த்தேன். சத்தியமா புள்ளி இல்ல. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டேன்.

"டாக்டர், கிளப்பாதீங்க! விமானம் வருது. ஓடுபாதைக்குக் கொண்டுபோங்க. பதினொன்னே முக்காலுக்கு அவன் இங்கே ஆஸ்பத்திரியில இருப்பான்."

"அம்மா, நிச்சயமா? ரோட்டுல போனா நேரம் சரியா இருக்கும். இங்கே காத்திருந்து அது வரலேன்னா..."

"நான் அந்த ஆபீஸ்லதான் டாக்டர் வேலை பார்க்குறேன். காலி விமானம். எனக்குத் தெரியாதா?"

தம்பிகிட்ட போனைக் கொடுக்கச் சொன்னேன். வலியில முனகிக்கிட்டே, "அக்கா, இந்த டாக்டர் ஏறு ஏறுங்கறாரு"ன்னான். "இருடா, விமானம் வருது. இவ்வளவு வருஷமா அக்கா எழுதின விமானத்துல நம்ம வீட்டுல முதல்ல ஏறப்போறது நீதான்டா"ன்னேன். அந்த வலியிலயும் சிரிச்சான் பாவி.

சூப்பிரண்டு அன்னைக்கு லீவு. டாக்டர்கிட்டேருந்து எழுத்துல வேண்டுகோள் வாங்கி, காலி விமானத்துக்கு ரகசியம் கிடையாதுங்கற விதியைக் குறிச்சு, நானே சீல் குத்திக் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பினேன். அவங்களும் தாளைப் பார்த்தாங்க. காலின்னு இருக்கு, சரி, இறங்கச் சொல்றோம்னாங்க. பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் ஓடுபாதைக்கு வந்துருச்சுன்னு தம்பி பொண்டாட்டி சொன்னா. நான் அந்த ரூமுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தேன்.

பத்தரைக்குக் கதவு படார்னு திறந்துச்சு. கூலிங்கிளாஸ். பாதுகாப்பு அதிகாரிக்கு நாங்க வச்ச பேரு அது. வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. ரூமுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டமாட்டாரு. வேலி ஓரமா குண்டு வெடிச்ச அன்னைக்கு அவரும் அங்கே நின்னவரு, ஒரு கண்ணு பாதிதான் தெரியும்னு பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது.

"யாரைக் கேட்டு விமானத்தை இறங்கச் சொன்னீங்க?"

"காலி விமானம் சார். விதியிலேயே இருக்கு."

"அதுல ஆள் இருக்குங்க! மந்திரி வீட்டு ஆளுங்க. காலின்னு போட்டா ஆள் இருக்குன்னு இந்த ஆபீஸ் வழக்கம்தானே? வந்த முதல் நாளே சொன்னாங்க. நீங்க கண்டுபிடிச்சதுன்னுகூடச் சொன்னாங்க."

"புள்ளி இல்லையே சார்!"

"என்ன புள்ளி?"

அந்தத் தாளை டைப் பண்றது என் வேலை. அன்னைக்கு அவசரம்னு நான் வர்றதுக்கு முன்னாடியே கூலிங்கிளாஸே டைப் பண்ணி வச்சிருக்காரு. காலின்னு போடணும்னு அவருக்குச் சொன்ன புண்ணியவானுங்க, புள்ளியைச் சொல்லல. ஏன்னா அது எங்கேயும் எழுதி வைக்கல. எழுதி வச்சா மாட்டிக்குவோம்னு நான்தான் வேணாம்னேன்.

அவரு காலைத் தொட்டேன். ஆமாம், விழுந்தேன். வெட்கமா இருந்துச்சான்னா, இல்ல. "சார், என் தம்பி ஓடுபாதையில கிடக்குறான். லைன்மேன் சார், கால் போனா அவன் எந்தக் கம்பத்துல ஏறுவான்? ஒரு மணி நேரம் அவங்களை இறக்கிவிடுங்க. பாதுகாப்புக்கு எத்தனை போலீஸ் வேணும்னாலும் வரச் சொல்லுங்க."

அவரு என்னைத் தூக்கிவிட்டாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு மந்திரியோட உதவியாளருக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டாரு, அதுக்கு மட்டும் நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கேன்.

"சார், ஒரு மருத்துவ அவசரம். நடுவுல இறக்கி ஆளுங்களை ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி ரூம்ல வச்சுக்கலாம். பாதுகாப்புக்கு நான் பொறுப்பு."

"பாதுகாப்பை யாருய்யா கேட்டா?" அந்தப் பக்கம் குரல் எரிஞ்சு விழுந்துச்சு. "காலி விமானத்துலேருந்து குடும்பத்தோட இறங்கி வந்தா, பார்க்குறவன் போனை எடுத்துப் படம் பிடிக்கமாட்டானா? பட்டியல்ல இல்லாத ஆளுங்க எப்படிய்யா இறங்குவாங்க? நேரா வரச் சொல்லு."

"சார், ஒரு ஆளோட கால்..."

"பாதுகாப்புக் காரணம்னு சொல்லிடு."

லைன் கட் ஆயிடுச்சு. கூலிங்கிளாஸ் போனையே பார்த்துக்கிட்டு நின்னாரு. பத்து நாற்பத்தெட்டு. நான் தம்பி பொண்டாட்டிக்குப் போன் பண்ணேன். என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் பண்ணேன்.

"அண்ணி, வந்துருச்சு! சத்தம் கேக்குது! தெரியுது அண்ணி, வெள்ளை வெளேர்னு, அடியில இருக்கிற நம்பர்கூடத் தெரியுது. என்னங்க, பாருங்க, உங்க அக்கா அனுப்பிட்டாங்க!" அவ குதிக்கிறது போன்லயே தெரிஞ்சுது. அப்புறம், "அண்ணி, இறங்கலையே. சுத்தி வருமா? எந்தப் பக்கமாத் திரும்பும்?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பது.

"அண்ணி, போகுது. அண்ணி, அது போகுது."

பதினொரு மணிக்கு டாக்டர் ரோட்டுல கிளப்பினாரு. மூணு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தாங்க. முழங்காலுக்கு மேலேயே எடுத்துட்டாங்க. நான் போய்ப் பார்த்தப்போ தம்பி மயக்கம் தெளிஞ்சு, போர்வை ஒரு பக்கம் தட்டையாக் கிடக்கிறதையே பார்த்துக்கிட்டிருந்தான். "என்னக்கா ஆச்சு உன் விமானத்துக்கு?"ன்னான். "பாதுகாப்புக் காரணம்டா"ன்னேன். அந்தச் சனியன் பிடிச்ச வார்த்தை என் வாயிலேருந்தே வந்துச்சு. எதையும் வெளியே சொல்லமாட்டேன்னு வேலையில சேரும்போதே சத்தியம் எழுதிக் கொடுத்திருக்கேன். சத்தியத்துக்குப் பயந்தேனா, அவன் முகத்துக்குப் பயந்தேனான்னு கேட்காதீங்க.

என் மேல விசாரணை ஒண்ணும் வரல. எப்படி வரும்? விமான விவரத்தை வெளியே விட்டேன்னு கேஸ் போட்டா, அதுல ஆள் இருந்ததை ஒத்துக்கணுமே. சூப்பிரண்டு என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழவு வீட்டுக்கு வந்தவரு மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனாரு. அந்த மாசப் பட்டியல் வெளியாச்சு. அந்தத் தேதிக்கு நேரா "காலி"ன்னு போட்டிருந்துச்சு. டைப் பண்ணது நான்தான்.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு தபால்ல ஒரு மனு வந்துச்சு. தகவல் கேட்டு வர்ற மனுவுக்கெல்லாம் பதில் எழுதறது எங்க பிரிவுதான். பிரிச்சதுமே கையெழுத்து அடையாளம் தெரிஞ்சுபோச்சு. தம்பி பொண்டாட்டி. சுத்தி வளைக்காம ரெண்டே கேள்வி கேட்டிருந்தா. அன்னைக்கு அந்த விமானம் காலியாத்தான் போச்சா? காலியாத்தான் போச்சுன்னா, ஏன் இறங்கல? கீழே, "பதில் எழுதப்போறது நீங்கதான்னு தெரிஞ்சேதான் அனுப்புறேன் அண்ணி"ன்னு ஒரு வரி.

சூப்பிரண்டுக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. "வானிலை சரியில்லேன்னு எழுதிடும்மா"ன்னாரு.

"அவ கீழே நின்னு விமானத்தோட நம்பரைப் படிச்சா சார். எந்த வானிலை?"

"அப்போ பாதுகாப்புக் காரணம்னு போடு."

"காலியாப் போற விமானத்துல எந்தச் சீட்டுக்கு சார் பாதுகாப்பு?"

"உன் வேலை போயிடும்மா. உள்ளே தூக்கி வச்சுடுவாங்க"ன்னாரு. மிரட்டல, நிஜமாவே பயந்துதான் சொன்னாரு.

பீரோவைத் திறந்து அந்த நாளோட எடைத் தாளைத் தேடி எடுத்தேன். விமானத்துல ஏறுற ஒவ்வொருத்தர் பேரும் எடையும் எழுதி, பைலட் கையெழுத்துப் போட்டாத்தான் இன்ஜினே ஓடும். அதுல மட்டும் எவனாலயும் காலின்னு எழுத முடியாது. தராசுக்கு மந்திரியைத் தெரியாதே. ஏழு வரி இருந்துச்சு. மந்திரியோட மச்சினி, அவ புருஷன், அவங்க பிள்ளைங்க ரெண்டு பேர், ஒரு போட்டோகிராபர், மேக்கப் போடுற பொண்ணு. ஏழாவது ஒரு நாய். பன்னெண்டு கிலோ. என் தம்பிக்கு இடமில்ல, நாய்க்கு ஒரு சீட்டு.

பதிலை எழுதி, அந்தத் தாளோட நகலை இணைச்சு, கூலிங்கிளாஸ்கிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். "சார், இது வெளியே போனா யாரு உயிருக்காவது ஆபத்து இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க. மத்தது என் பாடு."

கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டுப் படிச்சாரு. ரொம்ப நேரம் படிச்சாரு. பேனாவை எடுத்து, பிள்ளைங்க பேரு ரெண்டையும், ஆளுங்களை எந்த வாசல் வழியா விமானத்துக்குக் கூட்டிட்டு வருவாங்கன்னு இருந்த ஒரு வரியையும் கறுப்படிச்சாரு. நானும் சரின்னேன். அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க.

"மத்ததுல யாரு உயிருக்கும் ஆபத்து இல்ல"ன்னாரு. "மானத்துக்குத்தான்."

நானே கையெழுத்துப் போட்டேன், சீல் வச்சேன், தபால் ஆபீசுக்கு நானே நடந்துபோய்ப் பதிவுத் தபால்ல போட்டேன். பதில்ல முதல் வரியே இதுதான்: காலி விமானம்னு எழுதி ஆளை ஏத்துற வழக்கத்தை இந்த ஆபீஸ்ல ஆரம்பிச்சு வச்சது நான். புள்ளி விவகாரத்தையும் எழுதினேன். நாலு வருஷத்துல எத்தனை புள்ளின்னும் எழுதினேன். இனி வேலையே போகட்டும், தம்பி முகத்துல முழிக்கிறதுக்கு இது போதும்னு நினைச்சேன். உண்மையைச் சொல்லிட்டோம்னு ஒரு நிம்மதிகூட வந்துச்சு, என் திமிரைப் பாருங்க.

மூணாவது நாள் மத்தியானம் தம்பி போன் பண்ணான். அடிபட்டதுக்கு அப்புறம் அவனா பண்ண முதல் போன்.

"தபால் வந்துச்சுக்கா. படிச்சேன்."

"ம்."

"எல்லாம் இருக்கு. நாய் எத்தனை கிலோன்னுகூட இருக்கு." மூச்சு வாங்கிச்சு அவனுக்கு. "ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு."

"என்னடா?"

"அன்னைக்கு ஒன்பது மணிக்கே ரோட்டுல கிளம்பியிருந்தா, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்போமாக்கா?"

சொல்லியிருக்கலாம். மலை ரோடுடா, லாரி நின்னிருக்கும், யாரு கண்டான்னு சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான். சின்ன வயசுலேருந்து நான் எது சொன்னாலும் நம்புறவன்.

"போயிருப்பீங்க"ன்னேன்.

பக்கத்துல தம்பி பொண்டாட்டி, "என்னவாம்? என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அவன் என்கிட்டத்தான் பேசினான்.

"டாக்டர் ஏறச் சொன்னாரு. நீதான் இருன்னு சொன்ன."

"ஆமாம்டா."

"அதையும் எழுதி அனுப்புக்கா. கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு."

போனை வச்சுட்டான். நான் இன்னொரு தாளை எடுத்தேன்.